கடலுக்குள் நின்று கரையைப் பார்த்த ஓவியர்

செம்பூரிலிருந்து ஓவியக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் பவல் ஃப்ரித் வரைந்த 'ராம்ஸ்கேட் மணல்வெளி' என்ற ஓவியத்துக்குக் 'கடலோர வாழ்க்கை' என்றும் ஒரு பெயர் உண்டு என்று படித்தேன். ஆனால் அதில் கடலே காணவில்லை. கோடைக்கால விடுமுறைக் காட்சி என்கிறார்கள். எல்லோரும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிக்கொண்டு, தொப்பியும் குடையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எப்படிப் பார்ப்பது? வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டும்." மும்பையில் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால், நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கும் அந்த இரண்டு விஷயங்களில்தான் அந்த ஓவியத்தின் உயிரே இருக்கிறது.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். ஓவியத்தின் கீழ் விளிம்பை மறுபடியும் பாருங்கள். இடமிருந்து வலம்வரை மெல்லிய ஒரு பட்டையாகத் தண்ணீர் ஓடுகிறது. கணுக்கால் நனையும் ஆழம்கூட இருக்காது. கடல் அவ்வளவுதான். அதற்கு மேலே மணலும், மணல் தெரியாதபடி மனிதர்களும், அவர்களுக்குப் பின்னால் ஊரும் கட்டடங்களும் மேட்டு நிலமும், எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் வானமும் இருக்கின்றன. கடற்கரையை வரையச் சொன்னால் நாம் எல்லோரும் கரையில் நின்று, கடலைப் பார்த்து, அடிவானக் கோட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவோம். ஃப்ரித் அப்படிச் செய்யவில்லை. கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்க்கிறவரின் இடத்திலிருந்து இதை அமைத்திருக்கிறார். ஆகவே கடல் இந்த ஓவியத்தில் இல்லாமல் போய்விடவில்லை. ஓவியத்தின் முன்னால் நிற்கும் உங்களைத்தான் கடல் நிற்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அவர்கள் எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள் என்றால், உங்களைப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வதைவிட மும்பையின் ஜுஹு கடற்கரையில் பத்து நிமிடம் நின்று புரிந்துகொள்வது எளிது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில், முழங்கால் நனையாத ஆழத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். தாராவியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் தாணேயிலிருந்தும் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்த குடும்பங்கள், பாயை விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிற பாட்டி, செருப்புகளைக் காவல் காக்கிற தாத்தா, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிள்ளையைப் பிடிக்கிற தாய், பேல்பூரிக்காரர், 'கோலா' என்ற ஐஸ் தின்பண்டத்துக்கு ஐஸ் சீவுகிறவர், பலூன்காரர், அவர்களுக்குப் பின்னால் தென்னைகளும் அடுக்குமாடிகளும் தெரியும். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தின் ஒரு கடற்கரைக்கும் இதற்கும் அமைப்பில் அதிக வேறுபாடு இல்லை. இந்தக் கோணத்தில் நின்றால் கடற்கரை என்பது இயற்கைக் காட்சியாக இருப்பதில்லை. அது ஒரு மேடையாகிவிடுகிறது. அதில் இருக்கிறவர்கள் தாங்கள் மேடையில் இருப்பதை அறியாதவர்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராம்ஸ்கேட் இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் பகுதியில் இருக்கிறது. அதன் மணல்வெளி தென்கிழக்கைப் பார்த்தது. நம் மெரினாவைப் போல அங்கே சூரியன் கடலின் பக்கமிருந்து எழுகிறது. அதனால் முற்பகல் நேரத்தில் கடலிலிருந்து கரையைப் பார்ப்பவருக்கு எதிரே உள்ள முகங்களின் மேல் நேராக ஒளி விழும். மும்பையில் இதற்கு நேர் எதிர்: இங்கே அந்த ஒளி மாலையில்தான் கிடைக்கும். ஃப்ரித் தேர்ந்தெடுத்த கோணத்தில் முகங்களும் துணிகளும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு அந்த ஊர் அமைந்த திசையும் துணையாக இருந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்போது உடைகளுக்கு வருவோம். அந்த ஊரில் கோடை என்பது நம் கோடை இல்லை. ஜூலை, ஆகஸ்டில்கூடப் பகல் வெப்பம் பொதுவாக 20, 22 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். கடற்காற்று அடித்தால் சால்வை தேவைப்படும். ஆனால் குளிர் மட்டும் காரணமில்லை. வெயிலில் கறுத்த தோல் வயலிலும் தெருவிலும் உழைக்கிறவரின் அடையாளமாகக் கருதப்பட்ட காலம் அது. வெளுத்த தோல் வசதியின் அடையாளம். அதனால்தான் அந்த மணலில் இத்தனை குடைகள், முகத்தைச் சுற்றி மறைக்கிற இத்தனை தொப்பிகள். வெயில் காய்வதற்காகக் கடற்கரைக்குப் போவது என்ற பழக்கம் ஐரோப்பியர்களுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஃப்ரித் வரைந்த பெண்கள் வெயிலிலிருந்து தப்பிக்கத் தேவையான எல்லா ஆயுதங்களோடும்தான் வெயிலுக்கு வந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எதற்கு வந்தார்கள்? கடல் முதலில் அவர்களுக்கு மருந்தாக அறிமுகமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரில் குளிக்கவும், கடல்நீரைக் குடிக்கவும்கூட நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார். பிரைட்டன் போன்ற ஊர்கள் அப்படித்தான் வளர்ந்தன. குளிக்க விரும்பும் பெண்கள் மணலில் நின்று உடை மாற்ற முடியாது. சக்கரம் வைத்த ஒரு மரக் கூண்டுக்குள் ஏறிக்கொள்வார்கள், குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும், உள்ளேயே உடை மாற்றிக்கொண்டு கடலின் பக்கம் உள்ள படியில் இறங்கி முழுகிவிட்டு அதே வழியில் திரும்புவார்கள். ஆக, குளிப்பது தனிமையில் நடக்கும் காரியம். மணலில் அமர்வதோ ஊர்ப் பொதுவில் நடக்கும் காரியம். வரவேற்பறையில் விருந்தினர் முன் எப்படி உட்கார்வார்களோ அப்படியே மணலிலும் உட்கார்ந்தார்கள். நாற்காலியைக்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? ஒருவர் செய்தித்தாள் வாசிக்கிறார். ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருக்கிறார். புத்தகத்தோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டின் கூடத்தை அப்படியே தூக்கி மணலில் வைத்தது போலத்தான் அந்தக் காட்சி இருக்கிறது.

நம் மரபில் கடற்கரைக்கு வேறு பொருள் இருந்தது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நெய்தல் நிலத்துக்கு உரிய பொருள் இரங்கல். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருப்பதும், மீன் காயவைப்பதும், உப்பு விளைவிப்பதுமே அந்த மணலின் வாழ்க்கை. சும்மா உட்கார்ந்திருப்பதற்காகக் கடற்கரைக்குப் போவது என்பது இங்கிலாந்திலும் அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. ஃப்ரித் வரைந்தபோது அவருடைய நாட்டிலேயே, இத்தனை பேர் கூடிச் செய்யும் காரியமாக அது மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காரணம் ரயில். லண்டனிலிருந்து முன்பு நீராவிப் படகில் வந்துகொண்டிருந்த ஊருக்கு 1846-இல் ரயில் பாதை வந்து சேர்ந்தது. ஃப்ரித் தன் குடும்பத்தோடு அங்கே விடுமுறைக்குப் போனது 1851-ஆம் ஆண்டுக் கோடையில். ரயில் வந்து ஐந்தே ஆண்டுகள். கடைக்காரரும் எழுத்தரும் சீமாட்டியும் அருகருகே மணலில் உட்கார வேண்டிய நிலை வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு இடம், யாரைப் பார்த்தும் பாராதது போல இருப்பது என்பதெல்லாம் இன்னும் முடிவாகாத ஒரு கூட்டம் அது. மும்பையில் சர்ச்கேட் போகும் மின்ரயிலில் முதன்முதலாக ஏறியவர் எங்கே கையை வைப்பது, எங்கே கண்ணை வைப்பது என்று தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தவிப்பு இந்த ஓவியத்தின் பல முகங்களில் இருக்கிறது.

ஓவியத்தின் நடுவில், முன்வரிசையில், தண்ணீரின் விளிம்பில் நிற்கிற சிறுமியிடம் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். பாவாடையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை அலையில் வைத்திருக்கிறாள். பெரியவள் ஒருத்தி அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அந்தச் சிறுமி ஃப்ரித்தின் மகள்களில் ஒருத்தி என்று சொல்வார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தில், பெரியவர்கள் எல்லோரும் துணிக்குள் ஒளிந்திருக்க, கடலைத் தன் தோலால் தொடுகிறவள் அவள். அவள் நேராக வெளியே, நம்மைப் பார்க்கிறாள். கடல் என்னை என்ன செய்யப்போகிறது என்ற பயமும், இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாமா என்ற ஆசையும் ஒரே முகத்தில் இருக்கின்றன. ஜுஹுவில் முதல் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும்போது பிள்ளைகள் கால்விரல்களை மடக்கிக்கொள்வார்களே, அந்தக் கணம்தான். என் கணக்கில் ஓவியம் முழுவதும் இந்தக் கால்களைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

அதற்கு அப்புறம் முயலைத் தேடுங்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு வித்தைக்காரர், கஞ்சிரா போன்ற ஒரு சிறு பறையைத் தட்டும்படி பழக்கிய முயலை வைத்து வித்தை காட்டுகிறார். அதைத் தவிரப் பொம்மலாட்டமும் கழுதைச் சவாரியும் இருக்கின்றன. மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுப் பாறையில், தவம் செய்கிற முனிவரைப் போலவே முன்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிற்பி, தேவரும் கந்தருவரும் யானைகளுமாக நிறைந்த பெரும் பாறையில் அந்தப் பூனைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறாரே, அதே மனம்தான் இங்கும் வேலை செய்திருக்கிறது. பெருங்கூட்டத்தை ஒரே பரப்பில் அமைக்கிறவர், கண் களைத்துப்போகும் இடத்தில் ஒரு சிறு வியப்பை வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வகுப்பில் பேசும்போது இந்த ஒப்பீட்டை நீங்கள் தயங்காமல் சொல்லலாம். ஃப்ரித்தின் மனிதர்களும் ஆழத்தில் சிதறி நிற்கவில்லை; சிற்பப் பட்டையைப் போல முன்தளத்தில் நெருங்கி, இடமிருந்து வலமாக நீள்கிறார்கள். 77 செ.மீ. உயரமும் 155 செ.மீ. அகலமும் கொண்ட சட்டம் அதற்காகவே தேர்ந்தெடுத்தது: உயரத்தைப் போல இருமடங்கு அகலம். ஒரே பார்வையில் அதைப் பிடிக்க முடியாது. நடந்துகொண்டே படிக்க வேண்டும்.

இன்று பார்க்கும்போது மனம் ஒப்பாத ஒன்றும் இதில் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்வரிசையில் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் போல வேடமிட்டுப் பாடுகிற ஒரு குழு இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சாதாரண வேடிக்கையாக இருந்தது. அது யாரை இழிவுபடுத்தியது என்று அந்த மணலில் இருந்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஃப்ரித் அதை விமரிசிக்கவும் இல்லை, தனியாகப் போற்றவும் இல்லை. கண்ணில் பட்டதை வைத்துவிட்டார். ஒரு காலத்தை அப்படியே பதிவு செய்கிற ஓவியம் அந்தக் காலத்தின் குற்றத்தையும் சேர்த்தே பதிவு செய்துவிடுகிறது.

இந்த ஓவியத்தின் துணிவு இன்று நமக்குத் தெரிவதில்லை, அதனால் அதை விளக்க வேண்டியிருக்கிறது. 1851-இல் ஃப்ரித்துக்கு வயது 32. அதுவரை அவர் பெயர் வாங்கியது பழைய கதைகளிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் எடுத்த காட்சிகளுக்காக. பட்டும் வெல்வெட்டும் இறகுத் தொப்பியுமான உடைகள். தன் காலத்து மனிதர்களின் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் ஓவியத்துக்குத் தகுதியில்லாத அசிங்கமான உடைகள் என்பது ஓவியர்களிடையே அப்போது பரவலாக இருந்த கருத்து. ஃப்ரித்துக்குமே அந்தத் தயக்கம் இருந்தது. அவருடைய சக ஓவியர்கள் சிலர் இந்த முயற்சியை மலிவான வேலை என்று முகத்துக்கு நேரே ஏளனம் செய்தார்கள். கோயில் சுவரில் தெய்வங்களுக்கு நடுவே சந்தைக் கூட்டத்தை வரைந்தால் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ, கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். அவர் விடவில்லை. கடற்கரையில் எடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, லண்டனில் தன் ஓவியக்கூடத்தில் மாதிரிகளையும் உறவினரையும் நண்பர்களையும் உட்காரவைத்து, ஒவ்வோர் உருவமாக அமைத்து, 1854-இல்தான் அங்குள்ள ஓவியர் கழகமான ராயல் அகாடமியின் கண்காட்சிக்கு அனுப்பினார். வலப்பக்க ஓரத்தில் ஒருவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிற முகம் அவருடையது.

கண்காட்சிக்கு வந்த விக்டோரியா அரசி அதை வாங்க விரும்பினார். அதற்குள் லாயிட் என்ற ஓவிய வணிகர்கள் அதை 1,000 கினிக்கு (கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேலான பழைய ஆங்கிலப் பணக் கணக்கு) வாங்கிவிட்டிருந்தார்கள். அதே விலைக்கு அரசிக்குக் கொடுத்துவிட்டு, அச்சுப்படம் எடுக்கும் உரிமையை மட்டும் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமைதான் உண்மையான வருமானம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அச்சுப்படத்தின் வழியாகத்தான் இந்தக் காட்சி சாதாரண வீடுகளின் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அரசிக்கு ராம்ஸ்கேட் புதிய ஊர் இல்லை. இளவரசியாக இருந்தபோது அங்கே தங்கியிருக்கிறார். 1835-இல், பதினாறு வயதில், அந்த ஊரில்தான் கடுமையாக நோயுற்றுக் கிடந்தார். ஓவியத்தின் பின்னணியில் உள்ள கட்டடங்களெல்லாம் அடையாளம் காணக்கூடியவை. நான்காம் ஜார்ஜ் மன்னர் 1821-இல் அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் திரும்பிவந்ததன் நினைவாக எழுப்பிய கல்தூணும் அவற்றில் ஒன்று. ஆகவே அரசிக்கு இது வேற்று மனிதர்களின் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது. தெரிந்த தெருவாக இருந்திருக்கும். ஓவியம் இன்றும் அரச குடும்பத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. இதே வழியில் ஃப்ரித் தொடர்ந்து வரைந்த குதிரைப் பந்தய நாளின் காட்சியைப் பார்க்க 1858-இல் எவ்வளவு நெரிசல் என்றால், ஓவியத்தைக் காப்பாற்ற அதன் முன்னால் தடுப்புக் கம்பி போட வேண்டியிருந்தது. 1862-இல் ரயில் நிலையத்தைக் காட்டும் அவருடைய ஓவியம் வந்தது. கடற்கரை, பந்தயத் திடல், ரயில் நிலையம் ஆகிய மூன்றுமே முன்பின் தெரியாதவர்கள் ஒட்டி நிற்க வேண்டிய இடங்கள்.

உங்கள் பேராசிரியர் பிரெஞ்சு ஓவியர் மோனேயைக் குறிப்பிட்டுக் கேட்கக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். 1870-ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சின் 'த்ரூவில்' என்ற ஊரின் கடற்கரையில், மோனே தன் மனைவி காமியும் இன்னொரு பெண்ணும் மணலில் அமர்ந்திருப்பதை 38 செ.மீ. உயரமே உள்ள ஒரு சிறு துணியில் வரைந்தார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்த வண்ணப் பூச்சுக்குள் மணல் துகள்களும் கிளிஞ்சல் துணுக்குகளும் சிக்கியிருப்பதை அங்குள்ளவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்: கடற்கரையிலேயே காற்றடிக்கும்போது வரைந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஃப்ரித்தின் ஓவியம் பல ஆண்டு உழைப்பில் ஓவியக்கூடத்தில் கட்டி எழுப்பியது. இதைக் காரணம் காட்டி ஃப்ரித்தைப் பழையவர் என்றும் மோனேயைப் புதியவர் என்றும் ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மோனேக்கு அந்த நேரத்து ஒளி வேண்டியிருந்தது, அது ஓடிவிடும், அதனால் விரைந்தார். ஃப்ரித்துக்கு மனிதர்களுக்கு இடையே உள்ள இடைவெளி வேண்டியிருந்தது. யார் யாரைப் பார்க்கிறார், யார் யாரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதை அமைக்கக் காலம் பிடிக்கும். ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஃப்ரித்தின் ஓவியத்தில் காற்று இல்லை. குடைகளும் பாவாடைகளும் அசையாமல் நிற்கின்றன. மோனேயிடம் எல்லாம் அசைகிறது.

படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து பழகாதீர்கள். அரச சேகரிப்பின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக, அவர் எதைப் பார்க்கிறார் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அப்புறம் மழைக்காலம் தொடங்கும் முன், கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் பார்த்துவிட்டு, வற்றியிருக்கிற ஒரு மாலையில் ஐந்தரை மணிக்கு ஜுஹுவுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், ஒரு தோழியை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கணுக்கால் ஆழத்தில் நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் படும், எதிரே உள்ள எல்லா முகங்களும் ஒளியில் இருக்கும். தண்ணீரில் முதல்முறையாகக் கால் வைக்கிற ஒரு பிள்ளை கண்ணில் படும்வரை பென்சிலை எடுக்காதீர்கள். அந்தக் கால்களை முதலில் வரையுங்கள்.